கிறிஸ்துமஸ் காலையில் ஆராதித்தது யார்?

பதில் சொல்ல அவசரப்படாதவர்களுக்காக இந்தக் கதை.

ஓர் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் கரையில் ஒரு மீனவக் குப்பம் இருந்தது. மார்கழியில் சில விடியற்காலைகளில் அங்கே பனி இறங்கினால், நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாது. முகத்துவாரத்தின் இரு பக்கமும் பாறாங்கல் கொட்டிக் கரை கட்டியிருந்தார்கள். பகலில் அந்த இடைவெளிக்குள் படகை விடுவது எளிது. பனியில் விட்டால் கல்லில் மோதிச் சிதற வேண்டியதுதான்.

அப்படிப் பனி மூடிய ஒரு கிறிஸ்துமஸ் காலையில், முகத்துவாரத்துக்கு நேரே இருந்த ஆலயத்தில் விடியற்கால ஆராதனை நடந்துகொண்டிருந்தது. மைக்கின் முன்னால் நின்று பாடியவள் தெபோராள். அவளுடைய கணவன் கமாலியேல், கூட்டாளிகள் இருவரோடு கடலுக்குப் போனவன், முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு, புதுப்புடவை உடுத்திப் பாட வந்திருந்தாள்.

கமாலியேலின் தம்பி சீலா ஆலயப்படி மிதிக்காதவன். அப்பாவைக் கடல் கொண்டுபோன நாளோடு அவனுக்குக் கடவுளும் போய்விட்டார். அண்ணனுக்காக அவன் கரையில் காத்திருந்தபோது கைபேசி அடித்தது.

"டேய், இன்ஜின் போச்சு, துடுப்பு போட்டு வர்றோம். ஒண்ணும் தெரியலடா. ரெண்டு பக்கமும் அலை ஒடையுது. கோயில் பாட்டு மட்டும் லேசா கேக்குது. அத நிறுத்த வுடாத..."

பேச்சு அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் மணி போகவில்லை.

சீலா செருப்புக் காலோடு ஆலயத்துக்குள் ஓடினான். பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. அப்பமும் திராட்சை ரசமும் வைத்த மேசையருகே போதகர் ஏனோக்கு திருவிருந்து நடத்தத் தயாராக நின்றார்.

"அண்ணி, பாடுங்க! அண்ணன் கல்லுகிட்ட வந்துட்டாரு. உங்க பாட்டுதான் அவருக்கு வழி. நிறுத்தாதீங்க!"

தெபோராள் மைக்கின் பக்கம் திரும்பினாள். முடித்த பாட்டையே முதலிலிருந்து எடுத்தாள். சீலா கோபுரத்தில் ஏறினான். ஒலிபெருக்கிக் குழாய் ஊர்ப்பக்கம் பார்த்திருந்தது. துருவேறிய கம்பியை முறித்து, குழாயைத் தோளில் தூக்கிவைத்து, அதன் வாயைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தான். காதை ஒட்டி அது அலறியது.

சபையார் எழுந்து கடற்கரைக்கு ஓடினார்கள். போதகரும் வாசல் பக்கம் திரும்பினார். சபை மூப்பர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"ஐயா, திருவிருந்த பாதியில வுட்டுட்டுப் போறதா?"

போதகர் அப்பத்தை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, அங்கியோடு நடந்தார்.

கரையில் ஒரே கூச்சல். ஆளுக்கொரு திசையில் நின்று "கமாலியேலு! கமாலியேலு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"யாரும் கூப்பிடாதீங்க. பத்து எடத்துலேருந்து கூப்பிட்டா அவன் எந்தப் பக்கம்னு வருவான்? ஒரு குரல் போதும். சத்தம் போடாம முழங்கால் போடுங்க."

ஊர் முழுக்க ஈரமணலில் முழங்காலிட்டது. தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். இருமல் வந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்து அடக்கினார்கள். பிறகு அந்தக் கரையில் அலையும் ஒரு பெண்ணின் குரலும் தவிர வேறெதுவும் இல்லை. அந்தக் குரல் வெள்ளைப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

துபாயிலும் குவைத்திலும் இருந்த உறவினர்கள் ஆராதனையைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் காலி இருக்கைகளும், அவற்றின் முன்னால் தனியாகப் பாடும் ஒருத்தியும். அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த வாழ்த்துகள் ஒவ்வொன்றாக நின்றன.

தெபோராளின் தொண்டை கட்டியது. சுருதி விலகியது. மேல் ஸ்தாயியை எட்ட முடியாதபோது கீழே இறங்கிப் பாடினாள். பாட்டு முடிய முடியத் திரும்ப எடுத்தாள்.

முதலில் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு பனி கிழிந்து ஒரு படகின் மூக்கு வந்தது. முனையில் கமாலியேல் நின்றிருந்தான். கண்களை இறுக மூடி, பாட்டு வந்த பக்கம் கையை நீட்டியிருந்தான். அந்தக் கை காட்டிய திசையிலேயே கூட்டாளிகள் துடுப்புப் போட்டார்கள். இரு பக்கமும் கற்கள் நெருங்கி நிற்க, படகு நடுவே நுழைந்து வந்தது. கரையில் இருந்தவர்களுக்கு ஆர்ப்பரிக்கத் தோன்றவில்லை.

ஆலயத்துக்குள்ளே தெபோராளுக்கு எதுவும் தெரியாது. சொட்டச் சொட்ட நனைந்த கணவன் எதிரில் வந்து நிற்கும்வரை பாடிக்கொண்டிருந்தாள்.

சீலாவுக்கு வலது காது அன்றோடு போயிற்று. ஆண்டவர்தான் அவனைப் பயன்படுத்தினார் என்று ஊரார் சொன்னபோது, "எனக்கு என் அண்ணன் வரணும், அவ்ளோதான்" என்றான்.

திருவிருந்தை விட்டுப் போனதற்குச் சபைக் கமிட்டி விளக்கம் கேட்டது. "கரையிலயாவது ஜெபம் பண்ணினீங்களா?" என்றார் மூப்பர். "இல்ல. பயத்துல ஒரு வார்த்தையும் வரல. சும்மா முழங்கால்ல இருந்தேன்" என்றார் போதகர்.

தெபோராளின் விசுவாசத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"வாய்தான் ஸ்தோத்திரம் சொல்லிச்சு. மனசு பூரா சண்ட. மாமனார எடுத்துக்கிட்டீரு, இவரையும் எடுக்கப் போறீரான்னு அடிக்கு அடி கேட்டுக்கிட்டேதான் பாடினேன்."

கடவுளே இல்லை என்றவன் காதைக் கொடுத்தான். ஜெபிக்க வேண்டியவருக்கு வார்த்தை வரவில்லை. துதி பாடியவள் உள்ளுக்குள் சண்டை போட்டாள். இந்த மூவரில், அன்று காலை உண்மையில் கடவுளை ஆராதித்தது யார்?

பலரும் சீலாவைச் சொல்கிறார்கள். அவன் செய்தது அன்பு. அதற்கு நாம் வேறு பெயர் சூட்டினால் அவனே ஒப்பமாட்டான். போதகரின் மௌனம் பெரியது, ஆனால் அது அந்தக் குரலுக்கு வழிவிட்ட மௌனம். நான் தெபோராளைத்தான் சொல்வேன். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவள் அவரோடு அத்தனை நேரம் சண்டை போட்டிருக்க மாட்டாள். வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களில் பல, இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பாடியவர்கள் பாடியவைதான்.