கொம்பையாவின் உடைந்த வண்டி

குளத்துக்கு மேலே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அந்தக் கரட்டில் கொம்பையா என்று ஒரு நரி. வேடன் வைத்த பொறியில் சிக்கி அதன் பின்னங்கால் இரண்டும் நசுங்கிப் போயிருந்தன. ஓடவும் முடியாது, தாவவும் முடியாது. ஆனால் வாய் மட்டும் நன்றாகவே ஓடும்!

பக்கத்துப் புதரில் செவந்தி என்ற காட்டுக்கோழி குடியிருந்தது. நரிக்கும் கோழிக்கும் என்ன சிநேகம் என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான். செவந்தி "அண்ணே" என்று கூப்பிடும். கொம்பையா "தங்கச்சி" என்று கூப்பிடும். பகலெல்லாம் இரண்டும் சண்டை போடும். சாயங்காலம் ஆனால் ஒன்றையொன்று தேடும்.

கால் விளங்காத கொம்பையா குளத்துக்குப் போய் வந்தது ஒரு வண்டியால்தான். இடுப்பை அதில் வைத்துக் கட்டிக்கொண்டு முன்னங்காலால் இழுத்துப் போகலாம். இரண்டு சக்கரம், நடுவில் ஓர் அச்சு, சக்கரம் கழன்று போகாமல் அச்சு முனையில் செருகிய கடையாணி. செய்து கொடுத்தது குப்பாண்டி என்ற குரங்கு. கொம்பையா சும்மா வாங்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து நனைந்து குரங்கின் மாமரத்தைக் காவல் காத்தது.

"இதுல மலையையே இறங்கலாம் மாப்ளே! கரட்டுச் சரிவெல்லாம் ஒரு சரிவா?" என்று சொல்லித்தான் குப்பாண்டி வண்டியைக் கொடுத்தது.

ஒரு நாள் காலையில் கொம்பையா தண்ணீர் குடிக்கச் சரிவில் இறங்கியது. படக்கென்று ஒரு சத்தம்! இடது சக்கரம் தனியாக உருண்டு போனது. வண்டி குப்புறக் கவிழ்ந்தது. கொம்பையா பாறையில் மோதி விழுந்தது. இருந்த நல்ல காலில் ஒன்று முறிந்து போனது.

செவந்தி கத்திக்கொண்டே ஓடி வந்தது. "ஐயோ அண்ணே! என்னாச்சு?"

"என் தப்புதான் தங்கச்சி. கொஞ்சம் வேகமா வந்துட்டேன் போல."

"நீங்களா? என்னைக்கு வேகமாப் போனீங்க? எறும்பே உங்களை ஒதுங்கச் சொல்லிட்டுப் போகும்!"

வலியிலும் கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தன் மேல்தான் தப்பு என்று அது நம்பியது. விழுந்தவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது, பாவம்.

செவந்தி அதை மெல்ல மெல்ல மேலே இழுத்து வந்தது. பிறகு உடைந்த அச்சு, சக்கரம், துண்டு துண்டான கடையாணி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து தன் புதரில் பரப்பியது. "நல்ல சுள்ளி. வீணாப் போகக் கூடாது" என்று மேலே சருகு போட்டு, முட்டையிட்டு, அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கோழிக்கு அதன் கவலை!

கொம்பையாவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. விழுந்த நாளிலிருந்து தாமரை இலையில் தண்ணீர் ஏந்தி வந்து கொடுத்தது செவந்திதான். இப்போது அதுவும் அடையில். கீழே குளம் பளபளவென்று தெரிகிறது. இறங்க வழியில்லை. புல்லில் இருந்த பனியை நக்கி நக்கிக் கொம்பையாவின் நாக்கு தடித்துப் போனது.

அந்த நேரம் பார்த்துக் குப்பாண்டி வந்தது. பின்னால் புத்தம் புது வண்டி!

"மாப்ளே! கேள்விப்பட்டதும் எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. இந்தா, உனக்குத்தான். நானே தள்ளிட்டுப் போய்க் குளத்துல விடறேன். வா, வயிறு நிறையக் குடி!"

கொம்பையாவுக்கு வாயெல்லாம் ஊறியது. "சும்மாவா தர்றே?"

"சும்மாதான்! அந்தப் பழைய உடைசலை மட்டும் கொடுத்துடு. குப்பையை வச்சு என்ன பண்ணப் போறே? அப்புறம் குளத்தங்கரையில நாலு பேர் காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை. 'நான்தான் வேகமா வந்து விழுந்தேன், குப்பாண்டி மேல ஒரு குறையும் இல்லை'ன்னு. சொல்லிடு, முடிஞ்சுது!"

கொம்பையா யோசித்தது. குப்பாண்டி அதன் காதருகே குனிந்தது. "வண்டியிலதான் குறைன்னு நீ எங்கே போய்ச் சொன்னாலும் யாரு நம்புவா? 'நரி புளுகுது'ம்பாங்க. நல்லதுக்குச் சொல்றேன்."

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை. "தங்கச்சி, அந்த உடைசலைக் கொடுத்துடு" என்றது கொம்பையா.

"மாட்டேன்!" என்றது செவந்தி. "நான் அடையில இருக்கேன். எழுந்திருக்க மாட்டேன்."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடையில் இருக்கும் கோழியை யாரும் எழுப்பக் கூடாது. புலியே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போகும்.

குப்பாண்டி கெஞ்சியது. கொஞ்சியது. கறையான் புற்றைப் பெயர்த்து வந்து முன்னால் வைத்தது. செவந்தி கறையானை மட்டும் கொத்தித் தின்றுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. குப்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏன் அண்ணே," என்றது செவந்தி, "புது வண்டியையே தூக்கிக் கொடுக்கிறவரு, உடைஞ்ச சுள்ளிக்கு ஏன் இந்தத் தவிப்புத் தவிக்கிறாரு?"

கொம்பையாவின் காதுகள் விடைத்துக்கொண்டன. அட, ஆமாம்!

அப்போது கடகடவென்று ஒரு சத்தம். கிழட்டு முயல் சடையன் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தது. அதற்கும் பின்னங்கால் விளங்காது. வண்டியும் அதே குப்பாண்டி செய்ததுதான். முதுகில் பேரன் பேத்திகள் ஏறிக்கொண்டு கும்மாளம் போட்டன. நேராகச் சரிவை நோக்கித்தான் போனது.

"பெரியவரே! நில்லுங்க! இறங்காதீங்க!" என்று கொம்பையா தொண்டை கிழியக் கத்தியது.

சடையன் திடுக்கிட்டு நின்றது. கொம்பையா குரங்கின் பக்கம் திரும்பியது.

"உன் வண்டி எனக்கு வேண்டாம் குப்பாண்டி. நான் வேகமா வரலை. உன் வண்டிதான் சரியில்லை. எனக்கு நியாயம் வேணும்."

"தாகத்துல கிடந்து சாவு!" என்று குப்பாண்டி புது வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. அந்த வண்டி போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை கொம்பையாவுக்கு. இருந்தாலும் தலையைத் தூக்கி, காடே அதிர ஊளையிட்டது.

வெகுநேரம் கழித்து, ஊளை கேட்டு, விவரம் விசாரித்துக்கொண்டு யானையம்மா வந்தது. காட்டுக்கு நியாயம் சொல்வது அதுதான். வரும் வழியில் கையோடு குப்பாண்டியையும் கூட்டி வந்தது. மற்ற பிராணிகளும் கூடின. கோழி எழுந்திருக்காது என்பதால் வழக்கு கோழியின் புதருக்கே வந்து சேர்ந்தது!

யானையம்மா முதலில் துதிக்கையில் கொண்டு வந்த தண்ணீரைக் கொம்பையாவின் வாயில் ஊற்றியது. பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டது.

"நரி சொல்றதை நான் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம் தாயே," என்றது கொம்பையா. "வண்டியைப் பாருங்க. அது நரி இல்லையே!"

செவந்தி எழுந்திருக்காமலே ஒரு பக்கச் சிறகைத் தூக்கியது. யானையம்மா முட்டையில் படாமல் துதிக்கை நுனியை நுழைத்து, கடையாணித் துண்டு ஒன்றை எடுத்தது. லேசாக அழுத்தியது. நசுங்கிவிட்டது. அந்தத் துண்டின் நுனியை வாயில் வைத்துப் பார்த்தது.

"ஐயோ, சாட்சியைத் தின்னுடாதீங்க!" என்று அலறியது செவந்தி.

"முருங்கை!" என்றது யானையம்மா. "எனக்குத் தெரியாத ருசியா? அடப் பாவி, பாரம் தாங்குற ஆணியை எவனாவது முருங்கையில செய்வானா? கருவேலங்கட்டை கிடைக்கலையா உனக்கு?"

"கருவேல் முள்ளு குத்துது தாயே... செதுக்கவும் நாளாகுது..." குப்பாண்டி தலையைச் சொறிந்தது. "அதுவும் நான் செதுக்கலை! மரங்கொத்திதான் செதுக்கிக் கொடுத்துச்சு!"

"கொம்பையா மரங்கொத்திகிட்டயா வண்டி வாங்குச்சு? உன்கிட்ட வாங்குச்சு. நீ பதில் சொல்லு. மரங்கொத்தியை அப்புறம் நீ போய்க் கேட்டுக்கோ."

"நரி வேகமா இறங்குச்சு..."

"மலையையே இறங்கலாம்னு சொல்லிக் கொடுத்தது யாரு? என்கிட்டயும் அதையேதானே சொன்னே!" என்றது சடையன் முயல்.

யானையம்மா தீர்ப்புச் சொன்னது. கொம்பையாவின் கால் கூடும்வரை பச்சிலை வைத்துக் கட்டுவதும், தண்ணீரும் தீனியும் கொண்டு வந்து கொடுப்பதும் குப்பாண்டியின் வேலை. கால் கூடினாலும் முன்போல இழுக்க முடியவில்லை என்றால், குளத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதும் அதன் வேலை. கருவேல் கடையாணி போட்டு நல்ல வண்டி ஒன்று செய்து தர வேண்டும். இதுவரை கொடுத்த வண்டி அத்தனையையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி ஆணி மாற்ற வேண்டும்.

"இப்பவே ஆரம்பி. முதல்ல பெரியவரோட வண்டி," என்றது யானையம்மா.

மற்ற பிராணிகள் சடையனையும் பேரன் பேத்திகளையும் இறக்கிவிட்டன. குப்பாண்டி சடையனின் வண்டிக்குக் கீழே கையை விட்டது. கடையாணியைப் பிடித்து இழுக்கக்கூட இல்லை. தொட்டது, அவ்வளவுதான். ஆணி தூள் தூளாக உதிர்ந்தது. சக்கரம் கழன்று, சரிவில் துள்ளித் துள்ளிப் போய்ப் பாறையில் மோதிச் சிதறியது.

சடையன் அந்தப் பாறையைப் பார்த்தது. தன் பேரப்பிள்ளைகளைப் பார்த்தது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து போய், பிறந்ததிலிருந்து எந்த வாயைக் கண்டு பயந்து ஓடியதோ அந்த நரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"நீ புது வண்டியை வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்திருந்தா..." என்றது. கொம்பையாவுக்கு அழுகை வந்துவிட்டது.

பழுதான பொருளால் அடிபட்டவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளாமல், உடைந்ததைப் பத்திரமாக வைத்து நியாயம் கேட்டால், அது அவருக்கு மட்டுமல்ல, அடுத்து விழப்போகிறவருக்கும் காவல்.