தலையாட்டிய பீங்கான் மந்திரி

வெள்ளாற்றூர் சமஸ்தானத்தில் என்னைப் பெரிய புத்திசாலி என்கிறார்கள். காதுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், மார்க்கை நீங்களே போடுங்கள்.

எங்கள் ராஜாவுக்குச் சீமைப் பீங்கான் பொம்மை என்றால் உயிர். ஆட்டுக்குட்டியோடு நிற்கும் இடைச்சி, புல்லாங்குழல் ஊதும் துரை, பிடில் வாசிக்கும் குரங்கு என்று வைக்கோல் அடைத்த பெட்டிகள் கப்பலில் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் நீல முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். குடிமக்களின் மனுவை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

வியாபாரிகளின் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷும் எம்பிராய்டரியும் கற்றுத் தந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கவும் கற்றுத் தந்தார்கள். அரண்மனையில் அதிகம் உதவியது அதுதான்.

ஒருநாள் ஒரு தலையாட்டிப் பொம்மை வந்து சேர்ந்தது. தொந்தியும் சிரிப்புமாகச் சம்மணமிட்ட சீனாக்காரன், செய்தது ஜெர்மனியில். தாடையைத் தொட்டால் போதும். தலை ஆமாம் ஆமாம் என்று ஆடும், நாக்கு உள்ளும் வெளியும் போய்வரும். 'தஞ்சாவூர்ச் சந்தையில் இதை அரையணாவுக்குக் கொடுப்பானே' என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. தலையாட்டினோம்.

ராஜா பூரித்துப்போனார். "நீங்கள்லாம் ஒரு பதில் சொல்ல ஒரு வாரம் எடுக்கிறீங்க. இவரைப் பாருங்க! இன்னைலேருந்து இவரும் ஒரு மந்திரி. இவர் தலையசைச்சா அதுதான் தீர்ப்பு. மறுபேச்சே கிடையாது."

எங்களுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அவருக்குச் சம்பளம் கிடையாது.

என் மகள் பிலோமினாவுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அவள் அப்பா ரங்கூனில் வேலையாக இருந்தார். கோட்டைக்குள் கொடுத்த ஓர் அறைதான் எங்களுக்கு வீடு. குழந்தையை விட்டுவர ஆளில்லாமல், இடுப்பில் வைத்துக்கொண்டே பொம்மை மண்டபத்தில் கடிதம் படித்தேன். அவள் எட்டி இடைச்சியின் கையைத் தொட்டாள். பழுத்த நாவல்பழம் காம்பை விட்டு வருகிற மாதிரி விரல் கழன்று வந்தது. நேராக வாய்க்குள் போனது. நான் கத்திக்கொண்டே தோண்டி எடுத்தேன். உடைந்த முனையில் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. குழந்தையின் வாயில் கீறல் இல்லை. அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

வாசலில் பண்டகசாலை அதிகாரி சேஷப்பா நின்றிருந்தார். அவருடைய அக்கா மகனும் இங்கிலீஷ் படித்தவன். என் வேலைமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

சபை கூடியது. "விரல் போன பொம்மைக்கு மதிப்பு ஏது, மகாராஜா?" என்றார் சேஷப்பா. "பிள்ளையைத் தூக்கிட்டு வேலைக்கு வர்றவங்களை இனியும் வெச்சுக்கணுமா?"

ராஜா இடைச்சியைப் பார்க்கவே இல்லை. மோதிரத்தைத் திருகிக்கொண்டு கம்பளத்தையே பார்த்தார்.

"மகாராஜாவுக்கு இளகின மனசு. நம்ம புது மந்திரியையே கேட்டுடலாம்," என்று சேஷப்பா பொம்மையிடம் குனிந்தார். "மந்திரியாரே, அருளம்மாளையும் குழந்தையையும் கோட்டைக்கு வெளியே அனுப்பிடலாமா?"

தாடையைத் தட்டினார். ஆமாம், ஆமாம், ஆமாம்.

பிலோமினா மந்திரியைப் பார்த்துக் கைதட்டினாள்.

"மன்னிக்கணும் மகாராஜா," என்றேன், வழக்கம்போல. "அவர் ஒண்ணு கேட்டார். நானும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டுமா?"

"கேள்."

என் திட்டம் எளியது. எந்தப் பொய்யைக் கேட்டாலும் பொம்மை தலையாட்டும் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு பெரிய பொய் வேண்டும், உலகத்தில் யாருமே நம்பாத பொய். பயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணில் பட்டவர் ராஜா ஒருவர்தான்.

"மந்திரியாரே, இடைச்சி விரலை உடைச்சது நம்ம மகாராஜாதானே?"

தாடையைத் தொட்டேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் மந்திரி இதுவரை ஆடாத வேகத்தில் ஆடினார். நாக்கையும் நீட்டினார்.

"அபச்சாரம்!" சேஷப்பா துள்ளினார். "பொம்மை பொய் சொல்லுது!"

"அப்ப எங்களை அனுப்பச் சொன்னதும் பொய்தானேங்க?"

"அது நிஜம்!"

"அப்ப மகாராஜா உடைச்சதும் நிஜமா?"

சேஷப்பா மறுபடியும் பொம்மையின் தாடைக்குக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

ராஜா எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் வெளியே போங்க."

முதல் ஆளாக நான்தான் கிளம்பினேன்.

"அருளம்மா, நீ இரு."

கதவை அவரே சாத்தினார். என் தலை போகப்போகிறது என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன். ராஜா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சத்தியமாச் சொல்லு. ஜன்னல் வழியாப் பார்த்தியா?"

"எதை, மகாராஜா?"

"என் முத்திரை மோதிரத்தை இடைச்சி விரல்ல மாட்டி அழகு பார்த்தேனே, அதை! கனம் தாங்காம டக்குன்னு போயிடுச்சு. முத்திரை அரக்கை உருக்கி நானே ஒட்டிவெச்சேன். ராணிக்குக்கூடத் தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஓ, அந்தச் சிவப்பு!

என் ஆயுசில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அப்போது செய்ததுதான். வாயைத் திறக்கவில்லை. மந்திரியைப் போலத் தலையை மட்டும் மெல்ல ஆட்டினேன்.

ராஜா என்னைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வேலையும் உனக்குத்தான், அறையும் உனக்குத்தான். இந்த மந்திரியையும் நீயே எடுத்துட்டுப் போ. உண்மையைச் சொல்ற மந்திரி எனக்கு ஒத்துவராது!"

இப்போது மந்திரி என் அலமாரி உச்சியில், பிலோமினாவுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "நான் புத்திசாலிதானே?" என்று தினமும் கேட்கிறேன். ஆமாம் ஆமாம் என்கிறார். 'பயந்தாங்கொள்ளியும்தானே?' என்று மனதில் எழுவதற்குள், எட்டி அவர் தலையைப் பிடித்து நிறுத்திவிடுகிறேன்.