மூன்று சொம்புத் தேன்

மலையடிவாரத்துப் புதூரில் முப்பது வீட்டுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு தேன்பெட்டிகள் இருந்தன. தேன் எடுக்கிற அன்றைக்கு வீட்டுக்கு ஒரு சொம்பு. மிராசுதார் திருமேனிக்கும் ஒரே சொம்புதான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்பது ஏக்கர் பூசணிப்பூ என்னுது. ஒத்தை முருங்கை வச்சிருக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே பங்கா? ஏட்டி ஆவுடை, என் பூவுல எடுத்த தேனைத் தனியாப் பிரிச்சுக் கொடு. இல்லேன்னா பெட்டியெல்லாத்தையும் கொளுத்திப்போடுவேன்."

கலந்த தேனை எப்படிப் பிரிப்பது? ஊரே பதறியது. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆவுடை மட்டும் பதறவில்லை.

"பிரிச்சிரலாம் அய்யா. இந்தத் தடவை பூப்பூக்கையில பெட்டிகளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிருதோம். போன தடவையைவிட எவ்வளவு குறையுதோ, அவ்வளவும் உங்க பூவுத் தேன்."

மிராசுதார் மீசையைத் தடவிக்கொண்டே சம்மதித்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஊரார் தங்கள் பங்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த மூன்று சொம்புத் தேனோடு ஆவுடை அவர் வயலுக்குப் போனாள். அம்பது ஏக்கரிலும் கொடி பச்சையாகத்தான் படர்ந்திருந்தது. ஆனால் தேனீ தொடாத பிஞ்செல்லாம் மஞ்சளித்து அழுகிக் கிடந்தது.

ஆவுடை சொம்புகளை வரப்பில் வைத்தாள்.

"போன தடவையைவிடக் குறைஞ்சது மூணு சொம்பு. உங்க பூவுல நாங்க எடுத்தது இவ்வளவுதான் அய்யா. கொடுத்தது எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்கிடுங்க."

அவர் தேனைத் தொடவில்லை. குனிந்து அழுகிய பிஞ்சு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பெட்டிகளை எப்பம் திரும்பக் கொண்டாருவீங்க, ஆவுடையம்மா?"