கனவு ஓலைகளின் குவியல்

நீலவரை என்றொரு நாடு இருந்தது, வெகு காலத்துக்கு முன்னால். அதை ஆண்ட கார்முகில் ராஜாவுக்குத் தன் கனவுகளைவிட ஊரார் கனவுகள் மேல்தான் ஆசை. மார்கழி விடியலில் கண்ட கனவை ஓலையில் எழுதி, ஊர்ப் பெயரும் போட்டு, அரண்மனைக் குடங்களில் இடுவது அந்நாட்டு வழக்கம். எந்தக் கனவு அதிகமோ, தை பிறந்ததும் அரசர் அதை நிறைவேற்றுவார்.

அந்த வருடம் தெற்கே நாற்று வாடிக்கொண்டிருந்தது. முறையிட வந்தவர்களை, "சோம்பேறிகள், பிரபு" என்று அரசரிடம் சொல்லித் திருப்பி அனுப்பினான் வரதுங்கன். அரசருக்குப் பிரியமான பிரதானி அவன். அவனுடைய அன்னக்குளம் மட்டும் வற்றாமல் மினுங்கியது. இனி கனவுக் குடங்களை விட்டால் அந்த நாற்றுக்கு வேறு வழியில்லை.

குடங்களைக் கவிழ்த்தார்கள். மண்டபம் முழுக்க ஓலைகள் நிலவொளிபோல் பரவின. வரதுங்கன் தானே முன்வந்து பிரித்தான். மழைக்கு ஒரு குவியல், கிணற்றுக்கு ஒன்று, மீன், படகு, தவளை என்று தனித்தனியே. எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது ஒரு குவியல்.

"வெள்ளை யானையில் தாங்கள் பவனி வரும் கனவு, பிரபு. என் ஊரிலேயே விழாவை வைத்துவிடலாம்."

அரசர் முகம் பூரித்தது. "மந்திரியாரே, உமக்கென்ன சொல்ல இருக்கிறது?"

மந்திரி தில்லைநாயகம் கொட்டாவியை மறைத்துக்கொண்டார். "கூட்டியது சரி, அரசே. எப்படிப் பிரித்தோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மழை, கிணறு, மீன், படகு, தவளை எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளச் சொல்லுங்கள்."

காவலர்கள் தள்ளினார்கள். அந்தக் குவியல் சிம்மாசனப் படியைத் தொட்டது.

"தவளையும் தண்ணீரா?" என்று சிரித்தான் வரதுங்கன். "அரசரும்தான் குளிக்கிறார். அவரையும் அதில் சேர்த்துவிடும்."

"சேர்க்கலாம். அதற்குமுன் இரண்டையும் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்ப்போமே."

தண்ணீர்க் கனவுகள் தெற்கே இருந்த எல்லா ஊர்களிலிருந்தும் வந்திருந்தன. யானைக் கனவுகளோ ஒரே ஊர், வரதுங்கனின் ஊர்.

"என் ஊராருக்குத் தங்கள் மேல் அன்பு அதிகம், பிரபு."

"இருக்கும். ஆனால் எல்லா ஓலையிலும் அதே வெள்ளை யானை, அதே பச்சைக் குடை, அதே இடது பக்கம் வரதுங்கர். ஒரே தூக்கத்தை ஊரே பங்கு போட்டுக்கொண்டதா, அரசே?"

சபை சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றது. அரசர் சிரிக்கவில்லை.

"தெற்கே ஏன் எல்லாரும் தண்ணீரையே காண்கிறார்கள்?"

"அவர்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, வரதுங்கரின் அன்னக்குளம் நிறைவதற்காக அடைபட்டிருக்கிறது."

 அரசர் தன் சால்வையை எடுத்து மந்திரியின் தோளில் போட்டார். வரதுங்கன் அந்த மதகைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, வருடம் முழுவதும் அதற்குக் காவல் இருக்க வேண்டும் என்று உத்தரவானது.

அடுத்த மார்கழியில் தெற்கிலிருந்து பறக்கும் கட்டில்களும், பேசும் பூசணிகளும், யாருடையதென்று தெரியாத கல்யாணங்களும் வந்தன. தண்ணீர்க் குவியல் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

"என்னை யாராவது கண்டார்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார் அரசர்.

ஒரே ஒரு ஓலை இருந்தது. நாற்று நடுகிற பெண் ஒருத்தி எழுதியது: 'ராஜா எங்கள் வயலில் இறங்கினார். செருப்பு சேற்றில் போய்விட்டது. இருவரும் தேடிக்கொண்டே இருந்தோம்.'

தை பிறந்ததும் அரசர் தெற்கே கிளம்பினார், புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு.