உமி அடுப்பு

மலையடிவாரத்தில் வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றும் மடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய துறவியை எல்லாரும் அம்மை என்றார்கள். அங்கே வந்துபோகும் இருளப்பனுக்குத் தலை நரைத்திருந்தது. அம்மைக்கு அவனைவிட வயது குறைவு. ஆனாலும் அவளைத்தான் அவன் குருவாகக் கொண்டிருந்தான்.

ஒரு காலையில் அவன் கிழிந்த சட்டையோடு வந்தான்.

"நேத்தும் சபை கலைஞ்சு போச்சும்மா."

"யார் கலைச்சது?"

"நான்தான்."

இருளப்பன் தெருக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் பொதுப்பாதையில் பண்ணையார் முள்வேலி போட்டிருந்தார். அதைக் கேட்க இருளப்பன் ஊர்ச்சபையில் எழுந்து நிற்பான். உடனே பண்ணையாரின் ஆளான சங்கிலி என்பவன் ஏதாவது குத்தலாகச் சொல்வான். இருளப்பன் அவன்மேல் பாய்வான். சபை கலையும். வேலி அப்படியே இருக்கும்.

"நேத்து என்ன சொன்னான்?"

"'உங்கப்பன் செருப்பைக் கக்கத்துல வச்சிக்கிட்டு நடந்த ஊர்ல, உனக்குப் பல்லக்கு போக வழி கேக்குதோ'ன்னான்."

"வலிக்கிற இடத்தை நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்கான்."

"சிரிக்காதீங்கம்மா. ஆத்தா இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்கு. அதை எந்த வழியாத் தூக்கிட்டுப் போவேன்? நாளைக்கு மறுபடி சபை. இந்தக் கோபத்தை என்கிட்டேருந்து பிடுங்கிப் போடுங்க."

"முதல்ல உமி அடுப்பை அடைச்சுக் குடு. கஞ்சிக்கு நேரமாச்சு."

அவன் தகர அடுப்பின் நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டினான். கை உமியில் இருந்தது. வாய் சங்கிலியைத் திட்டிக்கொண்டிருந்தது. கட்டையை உருவித் தீ மூட்டினான்.

அம்மை அடுப்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். உமி பொலபொலவென்று குழிக்குள் சரிந்தது. தீ அமுங்கி, புகை அவன் முகத்தில் அடித்தது.

"என்னம்மா இது!"

"மறுபடி அடை."

இந்த முறை அவன் வாய் திறக்கவில்லை. ஒரு கை உமி போட்டான், குத்தி இறுக்கினான். இன்னொரு கை போட்டான், குத்தினான். சங்கிலி நினைவில் வந்தான். கை நிற்கவில்லை. சங்கிலி போய்விட்டான். கட்டையை உருவியபோது குழி கிணறுபோல் நின்றது.

பானை ஏறியது. கஞ்சி கொதித்தது. அம்மை மறுபடி தட்டினாள். பலமாகவே தட்டினாள். பானை ஆடியது. உமி அசையவில்லை.

இருளப்பன் குனிந்து பார்த்தான்; தீ அமுங்காமல் எரிந்தது.

மறுநாள் சபையில் அவன் எழுந்ததும் சங்கிலி கத்தினான்: "வந்துட்டாருடா பல்லக்குக்காரரு!"

கூட்டம் சிரித்தது. இருளப்பனின் மூக்கு விடைத்தது. மூச்சை இழுத்து மெல்ல விட்டான். பண்ணையாரைப் பார்த்தான்.

"பொதுப்பாதையில வேலி போட்டது என்ன நியாயம்?"

சங்கிலி இருளப்பனின் அப்பனை வம்புக்கு இழுத்தான்.

"பொதுப்பாதையில வேலி போட்டது என்ன நியாயம்?"

சங்கிலி அவன் ஆத்தாளை இழுத்தான். இருளப்பனின் விரல்கள் மடங்கின. கேள்வி மாறவில்லை.

கடைசியில் சங்கிலியிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சிரித்தவர்கள் பண்ணையாரின் வாயைப் பார்த்தார்கள். பண்ணையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலியை எடுக்கும்படி சபை சொன்னது.

இருளப்பன் நேரே மடத்துக்கு வந்தான்.

"வேலியை எடுக்கச் சொல்லியாச்சும்மா. ஆனா உள்ளுக்குள்ள இன்னும் எரியுது."

அம்மை கஞ்சியைத் துழாவிக்கொண்டே சொன்னாள்:

"எரியட்டும். ஊர்க்கிணத்துல உன் தெருக்காரங்க இன்னும் தண்ணி எடுக்க முடியலையே."