அங்காயி அப்பளமும் வெள்ளையடிச்ச செவரும்

ஒரு ஊர்ல அங்காயின்னு ஒரு அப்பளக்காரி இருந்தாளாம். அவ குடிசை ஒழுகி ஒழுகி, போட்ட அப்பளமெல்லாம் நமுத்துப் போயி, "உன் அப்பளம் எண்ணெயில பொரிய மாட்டேங்குது, படுத்துத் தூங்குது"ன்னு கல்யாண வீட்டுக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்களாம். இன்னொரு மழைக்காலம் அங்கயே கெடந்தா பொழப்பே போயிரும். அதனால வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த காச முடிஞ்சுக்கிட்டு வீடு வாங்கக் கெளம்புனா.

அதே ஊர்ல சிங்காரவேலுன்னு ஒரு பெரிய மனுசரு. பெரிய மனுசருன்னா மீசையும் வேட்டிக் கரையும் பெருசு, அம்புட்டுத்தான். அவரு வீட்ட ஒட்டி அவரோட பழைய வீடு ஒண்ணு விலைக்குக் கெடந்துச்சு. அங்காயி போயிப் பாத்தா, வீடு பூரா பழுப்பு, பின்செவரு மட்டும் புது வெள்ளை.

"இந்தச் செவத்துக்கு மட்டும் என்னங்கய்யா, கல்யாணமா?"

"ராசியான செவரு தாயி, அதான் அடிச்சேன்"னாரு.

மறுவாரம் போனா, அந்தச் செவத்துல ஆளுயர சாமி படம் தொங்குது. படத்தச் சுத்தி வெள்ளை கொப்புளமா உரிஞ்சு உப்புப் பூத்திருக்கு. "படம் எதுக்குங்கய்யா?"ன்னா, "சாமிக்குப் புடிச்ச செவரு தாயி"ன்னாரு. பாத்தியா, சாமியவே பொய்சாட்சிக்கு இழுத்துட்டாரு!

மூணாவது வாரம் போனா, வீடு பூரா சாம்பிராணிப் புகை. அந்தப் புகைக்கு அடியிலயும் பூஞ்சை நாத்தம் குப்புன்னு வருது. "மணமான செவரு தாயி"ன்னு சொல்லிட்டு அவரே லொக்கு லொக்குன்னு இருமுனாரு. சிரிக்காதடி, கேளு.

அங்காயி மடியிலேருந்து ஒரு பொரிச்ச அப்பளத்த எடுத்தா, செவத்தோரம் வச்சா, உக்காந்து வெத்தல போட்டா. போட்டு முடிச்சு எடுத்துப் பாத்தா, அப்பளம் நனைஞ்ச துணியாட்டம் தொங்குது. அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி போயி எட்டிப் பாத்தா.

"அய்யா, நீங்க குளிக்கிற தண்ணி இந்தச் செவத்தடியிலதான் தேங்குது. வாய்க்கால அந்தப் பக்கமாத் தள்ளி வெட்டுங்க. ஒரு கோடை செவரு காயட்டும், நீங்க சொல்ற விலைக்கே வாங்கிக்கிறேன்."

நியாயமாத்தான கேட்டா? அவருக்கு வந்துச்சே கோவம்!

"அப்பளம் உருட்டுறவ எனக்குச் செவரு பாக்கச் சொல்லித் தர்றியா? என் விதைநெல்லையே இதுல சாய்ச்சு வைக்கிறேன். ஒரு மாசத்துல நெல்லு கெட்டா, நீ குடுக்குறதக் குடு, வீட்ட எடுத்துக்க. கெடலேன்னா ரெட்ட விலை குடுக்கணும்!"

சத்தங்கேட்டு வந்து கூடுன ஊரு, "அய்யா சொன்னா சரிதான்"னு தலைய ஆட்டுச்சு. தோத்தா அங்காயிக்கு நடுத்தெருதான். ஆனாலும் அந்தத் தொங்குன அப்பளத்த ஒருவாட்டி பாத்துட்டு, "சரிங்கய்யா"ன்னுட்டா.

மூணு மூட்ட விதைநெல்லு செவத்துல சாஞ்சுச்சு. அந்த அறிவாளி என்ன செஞ்சாருங்கற? செவத்துக்கு அந்தப் பக்கம் தெனமும் இருபது கொடம் ஊத்தி ஊத்திக் குளிச்சாரு! அன்னைக்கும் குளிச்சாரு, மறுநாளும் குளிச்சாரு, மாசம் பூரா குளிச்சாரு.

மாசம் முடிஞ்சு கதவத் தொறந்தா, மூணு மூட்டையும் சாக்கப் பொத்துக்கிட்டு பச்சப்பசேல்னு மொளைச்சு நிக்குது. தலையாட்டுன ஊரு, "நாங்க அப்பவே நெனச்சோம்"னுச்சு. தூ, இதெல்லாம் ஒரு ஊரு!

வீடு அங்காயிக்கு வந்துச்சு. மொத வேலையா வாய்க்கால அவரு கொல்லைக்கே திருப்பி விட்டா. வெள்ளையும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல, பழஞ்சுண்ணாம்பச் சொரண்டி வெயில் காத்து பட விட்டா. கோடை போறதுக்குள்ள செவரு காஞ்சுச்சு, அப்பளமும் பூவாப் பொரிஞ்சுச்சு.

வெதைக்கிற நேரம் வந்துச்சு. சிங்காரவேலு வெறுஞ்சாக்கத் தூக்கிக்கிட்டு வீடு வீடா விதைநெல்லு கேட்டு வந்தாரு. அங்காயி வாசலுக்கும் வந்தாரு.

"எங்கிட்ட நெல்லு ஏதுங்கய்யா? இந்தாங்க"ன்னு ஒரு அப்பளத்த நீட்டுனா. அவரு கடிச்சாரு. மொறுக்குன்ன சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.

"நீங்க சொன்னது நெசந்தானுங்கய்யா, ராசியான செவரு"ன்னா அங்காயி.

அதனால வெள்ளையப் பாத்து வீடு வாங்காதீங்க, மோந்து பாத்து வாங்குங்க. செவரும் காஞ்சுச்சு, என் தொண்டையும் காஞ்சுச்சு, போயிப் படுங்க.