சுவாமியின் பல்லும் மூங்கில் படலும்

ஞானம் சிலருக்கு இமயமலையில் கிடைக்கும். நிராமயானந்த சுவாமிகளுக்கு அது டவுன் பஸ்ஸில் கிடைத்தது என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டவுன் பஸ்ஸில் அவருக்குக் கிடைத்தது மூன்று சீடர்கள்தான்.

இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். "படியில நிக்காதீங்க, உள்ளே போங்க, உள்ளே எவ்வளவோ இடம் இருக்குது" என்று அவர் தினமும் கத்தியதை மற்ற பிரயாணிகள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. செங்கோடன், அங்கமுத்து, குழந்தைவேலு என்ற மூன்று பேர் மட்டும் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அவர் ஓய்வு பெற்று, காவி கட்டி, ஆற்றங்கரையில் கொட்டகை போட்டுக்கொண்ட பிறகும் இறங்கவில்லை.

நிராமயம் என்றால் நோயில்லாதது என்று பொருள். அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார்.

அங்கமுத்து சமையல். குழந்தைவேலு எதையாவது தூக்குவான். மூத்தவன் செங்கோடன் கையில் எப்போதும் ஒரு பெரிய நோட்டு இருக்கும். அட்டையில் 'சுவாமிகளின் வாழ்வும் வாக்கும்' என்று எழுதியிருக்கும். சுவாமி தும்மினாலும் அதில் ஏறிவிடும்.

அந்த வருஷம் பக்கத்து ஊர்ச் சாமியார் ஒருவர் நாற்பது நாள் சாப்பிடாமல் இருந்து பெரிய பெயர் வாங்கிவிட்டார். நம்முடையவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவும் மனசு வரவில்லை. ஆகவே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஆசிரமத்து வாசலில் இருக்கும் மூங்கில் படலைத் தாண்டுவதில்லை என்று விரதம் எடுத்தார். ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். படத்தில் படல்தான் பெரியதாக விழுந்திருந்தது.

பதினேழாம் நாள் காலை, சுவாமி இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். செங்கோடன் நோட்டைத் திறந்து 'இன்று புது முத்திரை' என்று எழுதினான். மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்து அவரவர் இடது கன்னத்தைத் தாங்கிக்கொண்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து சுவாமி கண்ணைத் திறந்தார்.

"என்னடா பண்றீங்க?"

"முத்திரைங்க சாமி. இப்பவே உள்ளுக்குள்ள ஒரு அமைதி வந்துருச்சுங்க" என்றான் குழந்தைவேலு.

"முத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல. பல்லு வலிடா! உசுரு போகுது!"

செங்கோடன் பேனாவை நிறுத்தினான். "யாருக்குங்க சாமி?"

"எனக்குத்தாண்டா!"

காரணம் எனக்குத் தெரியும். ஆசையை அறுக்கச் சொல்லி மாலையில் பேசுவார். பேசி முடித்ததும் தலையணைக்கு அடியிலிருந்து கமர்கட் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மிச்சம் இருந்தால் சீடர்களுக்குப் பிரசாதம். பல வருஷமாக நடக்கும் பூஜை இது.

செங்கோடன் நோட்டைப் புரட்டினான். "'நான் இந்த உடல் அல்லேன்.' போன ஆடி வெள்ளிக்கு நீங்க சொன்னதுங்க. உடம்பே இல்லாதவங்களுக்குப் பல்லு எப்படீங்க இருக்கும்?"

"அப்ப அந்தப் பல்லு யாரோடதுங்க?" என்றான் அங்கமுத்து.

"அதுதான் தெரியல. யாரோ சாமி வாயில வெச்சுட்டுப் போயிருக்கறாங்க" என்றான் செங்கோடன்.

"புடுங்கிப் போட்டுரலாமுங்களா?"

"அடுத்தவங்க பொருளையா? நாளைக்கு வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவ? ஆளு வர்ற வரைக்கும் அங்கயே பத்திரமா இருக்கட்டும்."

சுவாமி சுவரில் தலையை முட்டிக்கொண்டார். வலி கூடியது. "வலி தாங்கலையே, எதாச்சும் பண்ணுங்களேண்டா" என்று கெஞ்சினார். செங்கோடன் மறுபடி புரட்டினான். 'வலி வந்தால் ஓடாதே. எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்' என்று இருந்தது.

உடனே பாய் விரித்தார்கள். அங்கமுத்து ஒரு படி நிலக்கடலை வறுத்து எடுத்து வந்தான். மூன்று பேரும் கடலையை உடைத்துத் தின்றபடி சுவாமியை உற்றுப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் தெரியலீங்களே சாமி" என்று குழந்தைவேலு குறைப்பட்டான். "கொஞ்சம் கத்துனீங்கன்னா நல்லா இருக்கும்."

சுவாமி கத்தினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இப்பத் தெரியுதுங்க!"

கடலை தீர்ந்ததும் சுவாமி ஒரு வழியாக அவர்களை டவுனுக்குக் கிளப்பினார். பல் டாக்டரிடம் சொல்லி, பல்லை எடுக்க ஏற்பாடு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார். மூன்று பேரும் ஒரே மொபெட்டில் ஏறிப் போனார்கள். டாக்டர் மெஹருன்னிசா பொறுமைசாலி. அந்த டவுனில் பல் டாக்டராக இருக்க அது வேண்டும்.

"பேஷண்ட் எங்கே?"

"ஆசிரமத்துல இருக்கறாருங்க. படலைத் தாண்ட மாட்டாருங்க."

"வாயைப் பார்க்காம எப்படிங்க பல்லை எடுக்கறது?"

மூவரும் திகைத்தார்கள். செங்கோடன் நோட்டைப் புரட்டினான். முகம் மலர்ந்தது. "'நீ வேறு, நான் வேறு அல்ல. உன்னில் இருப்பதே என்னில் இருக்கிறது.' அப்ப நம்ம மூணு பேர்ல யாரு உட்கார்ந்தாலும் சரிதான?"

அங்கமுத்து சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்து, "கீழ் வரிசைங்க டாக்டரம்மா, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது" என்று வாயைத் திறந்தான்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "அட, முக்கால்வாசி சொத்தையாப் போச்சே! இத்தனை நாளா வலிக்கலையா?"

"நான் இந்த உடம்பு இல்லீங்களே."

"எடுத்துத்தான் ஆகணும்."

செங்கோடனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பாத்தியா அங்கமுத்து, சாமியோட பல்லு இங்கதான் இருந்துருக்குது!"

பஞ்சில் சுற்றிய பல்லோடு திரும்பி வந்து அதைச் சுவாமியின் காலடியில் வைத்தார்கள்.

"எடுத்தாச்சுங்க சாமி."

"யாரு பல்லுடா இது?"

"உங்களுதுதானுங்க. குழந்தைவேலு வாயில இருந்துது."

"எனக்கு இன்னும் வலிக்குதேடா, பாவிகளா!"

செங்கோடன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். இதற்கு அவன் நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "பொருள் போன பின்னாலயும் வலிச்சா அதுக்குப் பேரு பற்றுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அந்தப் பல்லு மேல உங்களுக்கு இத்தனை பற்று ஆகாதுங்க சாமி."

அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவாமி உண்மையைப் பேசினார். "நான் உடம்புடா! உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் உடம்பு! பல்லு என்னுது, வலி என்னுது! எழுதிக்கோடா!"

செங்கோடன் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். சுவாமி எழுந்து வாசலுக்கு ஓடினார். மூவரும் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"படலைத் தாண்டினா விரதம் போயிருமுங்க! ஃபிளெக்ஸ் வெச்சிருக்குதுங்க!"

சுவாமிக்கும் ஃபிளெக்ஸ் ஞாபகம் வந்தது. வலி ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். எனக்கே அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

குருவின் கண்ணீரைப் பார்த்துக் குழந்தைவேலுவுக்கு யோசனை வந்தது. யோசனை அவனுக்குப் புதுசு. "தாண்டத்தானுங்க கூடாது? படலை நாங்க முன்னால தூக்கிட்டுப் போறோம். நீங்க பின்னாலயே வாங்க. டவுன் வரைக்கும் நீங்க உள்ளயேதான் இருப்பீங்க."

நாலு கிலோமீட்டர். முன்னால் இரண்டு பேர் படலை நிறுத்தின வாக்கில் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் சுவாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் படலுக்குக் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டாள்.

கிளினிக் கதவு சின்னது, படல் நுழையவில்லை. டாக்டர் மெஹருன்னிசா வாசலுக்கு வந்து பார்த்தார். ஊசியும் குறடும் எடுத்து வந்து படலுக்கு அந்தப் பக்கம் நின்றார். நெஞ்சளவுப் படல்தான். சுவாமி இந்தப் பக்கமிருந்து எட்டி வாயைத் திறந்தார். டாக்டர் ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்து, ஒரே இழுப்பில் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, "ஒரு மணி நேரம் பேசக்கூடாது" என்றார்.

சுவாமியின் முகத்தில் அன்றுதான் நான் பேரின்பத்தைப் பார்த்தேன். ஆசிரமத்துப் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க சாமி!" என்று அலறினான் செங்கோடன். "திரும்பி நடந்தா படல் முதுகுக்குப் பின்னால போயிரும். அப்ப நீங்க வெளியே போறவருங்க!"

சுவாமியால் பேச முடியவில்லை. நாலு கிலோமீட்டரும் படலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார். "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க" என்று செங்கோடன் வழி சொன்னான். அப்படியே வாசலுக்குள் பின்பக்கமாக நுழைந்ததும் படலைச் சாத்தினார்கள். விரதம் பிழைத்தது.

செங்கோடன் அன்றைய நடப்பை எழுத நோட்டைத் திறந்தான். கடைசிப் பக்கத்தைப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"சாமி, பல்லு உங்களுதுன்னு நீங்களே சொல்லி எழுதியிருக்குதுங்க. அது படலைத் தாண்டி டாக்டரம்மா தட்டுல கிடக்குது. அப்ப நீங்க கொஞ்சம் தாண்டிட்டீங்களே! திரும்ப முதல் நாள்ல இருந்துதானுங்க ஆரம்பிக்கோணும்."

இன்னும் நாற்பத்தெட்டு நாளா? சுவாமி பஞ்சைத் துப்பினார். "நான் உடம்பு இல்லடா! ஆடி வெள்ளிக்குச் சொன்னதுதான் சரி! அந்தப் பல்லு என்னுது இல்ல, யாரோடதோ!"

மூவருக்கும் உயிர் வந்தது. செங்கோடன் கடைசிப் பக்கத்தை அடித்தான். சுவாமி பெருமூச்சு விட்டுப் பாயில் சாய்ந்தார். அங்கமுத்து மட்டும் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணா, அப்படீன்னா அடுத்தவங்க பல்லையில்ல எடுத்துட்டோம்? ஆளு வந்து கேட்டா?"

குழந்தைவேலு எழுந்து போய்ப் படலைக் கழற்றித் தோளில் தூக்கினான்.

"எந்திரிங்க சாமி. டாக்டரம்மா பூட்டிட்டுப் போறதுக்குள்ள போயி, அதை வாங்கி, இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்துரலாமுங்க."